நல்ல தோட்டா எது? உங்கள் பிஸ்டலிடம் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டி. பெண்களுக்கான 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல், ராபிட், அதாவது வேகமாகச் சுடும் பகுதி. இலக்கு 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறையும். முகம் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குண்டு, அப்படி ஐந்து முறை. என் மாணவி முதல் இரண்டையும் அழகாகப் போட்டாள். மூன்றாவதில் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பதற்றத்தில் கை தானாகப் போய் போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பாகத்தை, இழுத்துவிட்டது. உள்ளே இருந்த தோட்டா வெளியே விழுந்து உருண்டது.

அதோடு முடிந்தது. துப்பாக்கி மக்கர் செய்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பார்த்துக் கோளாறு உண்மை என்று ஒப்புக்கொண்டால் மறுவாய்ப்பு உண்டு. அவர் பார்க்கும் முன் போல்ட்டில் கை வைத்துவிட்டால் கிடையாது. சுடாத குண்டுகளுக்கெல்லாம் பூஜ்யம்.

பழி முழுக்க அவள் மேல் இல்லை. அதுவரை அவள் பயிற்சி செய்தது சாதாரணத் தோட்டாவில். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு யாரோ சொன்னார்கள் என்று, ரைஃபிள் வீரர்கள் பயன்படுத்தும் விலை உயர்ந்த மேட்ச் (போட்டித்) தோட்டாவுக்கு மாறினாள். "விலை அதிகம், அப்போ நல்லாத்தானே சார் இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். நானும் தலையாட்டினேன். இருபது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறவன் செய்யக்கூடாத வேலை அது.

விஷயம் புரிய, இந்தப் பிஸ்டலில் போடும் .22 (அங்குலத்தில் அளவு) தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். '.22 லாங் ரைஃபிள்' என்ற இதன் முழுப்பெயரைப் பார்த்து இது ரைஃபிளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. 1887-இலிருந்து இருக்கும் இந்த அளவுதான் பயிற்சி பிஸ்டல்களின் அன்றாடச் சாப்பாடு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ராபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவிலும் இதே தோட்டாதான். 2004 வரை அந்தப் பிரிவில் மட்டும் குட்டையான .22 ஷார்ட் ஓடியது.

பெரிய தோட்டாக்களின் அடியில் நடுவே ஒரு சிறு பொட்டு இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் அடித்தால் வெடிக்கும். .22 தோட்டா 'ரிம்ஃபயர்' வகை, விளிம்பில் அடித்தால் வெடிப்பது. அதில் அந்தப் பொட்டு இல்லை. பித்தளை உறையின் அடி விளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். தொழிற்சாலையில் தீப்பற்றும் கலவையை ஈரமாக உள்ளே இட்டு, வேகமாகச் சுழற்றி, அந்த விளிம்பு முழுவதும் பரவச் செய்கிறார்கள். ஊசி விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றி, வெடிமருந்து எரிகிறது. விளிம்பில் ஓரிடத்தில் கலவை சரியாகப் பரவாமல் விட்டுப்போய், ஊசி சரியாக அங்கேயே அடித்தால் ஒன்றும் நடக்காது. பெரிய தோட்டாக்களைவிட இதில் மிஸ்ஃபயர் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இதனால்தான். எந்தக் கம்பெனியும் விதிவிலக்கில்லை.

இன்னொன்று, குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுக்கும். இந்தப் பிசுபிசுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பிஸ்டல் வேலை செய்வதே தோட்டாவின் உதைப்பில்தான். குண்டு முன்னே போக, காலி உறை பின்னோக்கிப் போல்ட்டைத் தள்ளுகிறது; ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும்போது மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடுத்த தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், போகிறது. தள்ளும் சக்தியும் போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும் ஒத்துப்போக வேண்டும். போட்டிக்கென்றே செய்த டார்கெட் பிஸ்டல்கள் பொதுவாக 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' தோட்டாவுக்குச் சரிசெய்யப்பட்டவை. பெட்டியில் நொடிக்கு 320, 330 மீட்டர் என்று போட்டிருக்கும். அவற்றில் 380 மீட்டர் பக்கம் போகும் ஹை வெலாசிட்டி தோட்டாவைப் போட்டால், ஓடும், ஆனால் போல்ட் பின்னால் மோதி மோதி நாளடைவில் பாகங்கள் விரிசல் விடும். ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் சர்வீஸ் பிஸ்டலைப் போலவே செய்த .22 பயிற்சி மாடல்களின் கதை தலைகீழ். போல்ட்டின் வேலையைச் செய்யும் மேல்பகுதியான ஸ்லைடு கனம், ஸ்பிரிங் கெட்டி. மெதுவான தோட்டாவைப் போட்டால் ஸ்லைடு பாதி வழியில் நின்று, காலி உறை வாசலில் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீளமான குழலில் அளந்தது. குட்டைக் குழல் பிஸ்டலில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். பிஸ்டலோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதைப் படித்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

சரி, அந்த மாணவியின் தோட்டாவுக்கு என்ன ஆனது? கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஊசித் தடம் இருந்தது, ஆனால் மேலோட்டமாக, நகத்தால் கீறியது மாதிரி.

இந்தத் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா, பெரும்பாலும் தோட்டாவின் குற்றம். தடம் லேசாக இருந்தால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும்: ஊசி ஓடும் வழியில் அழுக்கோ கெட்டியான எண்ணெயோ, ஸ்பிரிங் தளர்ச்சியோ, இல்லை தோட்டா சேம்பருக்குள் முழுதாக உட்காரவில்லையோ. கடைசியில் சொன்னதைத்தான் பலர் மறக்கிறார்கள். தோட்டா அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் போதும், ஊசியின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். அவள் பிஸ்டலின் சேம்பரில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே மெழுகும் கரியும் சேர்ந்து வளையமாகப் படிந்திருந்தது. அந்த ரைஃபிள் தோட்டாவில் பூச்சு கனம். ரைஃபிளில் கையால் போல்ட்டை அழுத்தி மூடுகிறோம், பிசுபிசுப்பு ஒரு பொருட்டே இல்லை. பிஸ்டலில் அந்த வேலையை ஒரு சின்ன ஸ்பிரிங் தனியாகச் செய்ய வேண்டும்.

எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ், ஈலி போன்ற கம்பெனிகள் 'பிஸ்டல் மேட்ச்' என்று தனியாக ஒரு வகை செய்வது சும்மா இல்லை. அதற்காக அந்தப் பெயர் போட்ட பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் உள்ள இரண்டு பிஸ்டல்கள். ஒன்று விழுங்குவதை இன்னொன்று துப்பும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது எப்படி? ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்றைச் சுட்டு, ஒரு தடவையும் நிற்கவில்லை, "ஓகே சார்" என்று வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று மக்கர் செய்யும் தோட்டாவாக இருந்தாலும், ஒரு பெட்டி பிரச்சினையே இல்லாமல் ஓடிவிட நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டு. அதே தோட்டாவோடு அறுபது குண்டுப் போட்டிக்குப் போனால், எங்காவது ஒரு தடவையாவது நிற்க நூற்றுக்கு நாற்பத்தைந்து. கிட்டத்தட்ட பூவா தலையா. முந்நூறு குண்டு நிற்காமல் ஓடினால்தான், கோளாறு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

முந்நூறு என்றால் செலவுதான், தெரியும். ஆனால் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை, வழக்கமான பயிற்சியிலேயே எண்ணிக்கொண்டு போகலாம். துப்பாக்கியைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயின்டால் நம்பர் போடுங்கள். நின்றால் எத்தனையாவது குண்டு, எந்த மேகசின், எப்படி நின்றது என்று நோட்டில் ஒரு வரி. இரண்டு வாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியவரும் உண்மை, தோட்டா நிரபராதி, குற்றவாளி இரண்டாம் நம்பர் மேகசின் என்பது. வாய் மடிப்பு லேசாக விரிந்திருக்கும், அல்லது போடும்போதே தப்பாகப் போட்டிருப்பார்கள்: மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும்.

ஒரு தோட்டா தேறிவிட்டால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் நம்பரை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு, உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் அதே லாட்டில் முடிந்ததை வாங்கி வையுங்கள். பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, லாட் மாறினால் குணமும் கொஞ்சம் மாறலாம். நம் ஊரில் மேட்ச் தோட்டா பெரும்பாலும் இறக்குமதி, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே நல்ல லாட்டைப் போட்டிக்கு ஒதுக்கிவிட்டு, பயிற்சிக்குக் கிடைத்ததைச் சுடுவதுதான் நடைமுறை. போட்டிக்கு முந்தைய ஒரு வாரம் மட்டுமாவது போட்டித் தோட்டாவிலேயே சுடுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதம் காருக்குள் பெட்டியை விட்டுப் போனால் மெழுகு இளகி, ஆறும்போது தூசியைப் பிடித்துக்கொண்டு ஆறும். அதே தோட்டாவை ஜனவரியில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குக் கொண்டுபோனால், அங்கே குளிரில் மெழுகு விறைத்து, வேகமும் கொஞ்சம் குறைந்து, இங்கே ஒழுங்காக ஓடிய பிஸ்டல் அங்கே முரண்டு பிடிக்கலாம். பனியில் சுடும் பயத்லான் வீரர்களுக்கென்றே குளிர்காலத் தோட்டா தனியாக இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், முதல் நாளே போய் அந்தக் குளிரில் ஒரு ஐம்பது சுட்டுப் பார்த்தால் போதும்.

இனிப் பாதுகாப்பு. 'டிக்' சத்தம் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனால் உண்டு. அதைவிட ஆபத்தானது 'பொசுக்' என்ற அரைகுறைச் சத்தம். மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலிலேயே மாட்டியிருக்கலாம். போல்ட்டை இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். நின்றவுடன் இழுத்துச் சுடும் பழக்கத்தை நான் மாணவர்களிடம் கடிந்துகொள்வது மறுவாய்ப்புப் புள்ளிகளுக்காக மட்டும் இல்லை. வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போடாதீர்கள், ரேஞ்சில் ஒப்படையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள். விரலில் இருப்பது ஈயம்.

நண்பரிடம் 'இரண்டு பெட்டி கைமாற்று' வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. வாங்குவதெல்லாம் உரிமத்தில் பதிவாக வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் முன் கிட் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். பையின் தையல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஒற்றை .22 தோட்டா, ஸ்கேனரில் தெரிந்தால் விமானம் போய்விடும், நீங்கள் காவல் நிலையத்தில் இருப்பீர்கள்.

அந்த மாணவி இப்போது பழைய சாதாரணத் தோட்டாவுக்கே திரும்பிவிட்டாள். வாரம் ஒரு முறை சேம்பரைத் துடைக்கிறாள், அவ்வளவுதான் மாற்றம். நோட்டில் அறுநூறு தாண்டிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. மிச்சமிருந்த விலை உயர்ந்த தோட்டாவைக் கிளப்பின் பழைய போல்ட் ரைஃபிளில் அவளையே சுட்டுப் பார்க்கச் சொன்னேன். படுத்த நிலையில், 50 மீட்டரில், பத்துக் குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் போய் உட்கார்ந்தன. "நல்ல தோட்டாதான் சார்" என்றாள்.