கிடாவின் அருமை மகள் ஈற்றில்

கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல் காட்டில் மேயும் கீழக்கரிசல் செம்மறி பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். வெள்ளாடு இரண்டு போடுவதைக் கண்டு பழகியவர்களுக்கு இது குறையாகத்தான் படும். உடனே பழி கிடாவின் மேல் விழுகிறது. பாவம், கிடா என்ன செய்யும்? அதன் விந்தில் கோடிக்கணக்கில் உயிரணு இருந்தாலும், பெட்டை விடும் முட்டை ஒன்று என்றால் குட்டியும் ஒன்றுதான்.

செம்மறிக்கு ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். அப்போது சினைப்பையில் பல கொப்புளங்கள் வளரத் தொடங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் இவற்றுக்குத் தீனி மாதிரி. ஒரு கொப்புளம் முந்திக்கொண்டு பெருத்ததும் 'போதும்' என்று தன் பங்குக்கு ஹார்மோன் சுரக்கிறது. பிட்யூட்டரி தீனியைக் குறைக்கிறது. பிந்தியவை வாடிவிடுகின்றன.

சில ஆடுகளில் ஆறாவது குரோமோசோமில் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஃபெக்-பி என்று பெயர். இந்த ஆடுகளில் கொப்புளம் சின்னப் பட்டாணி அளவுக்கு வளரும்வரை காத்திருப்பதில்லை, மிளகு அளவிலேயே முதிர்ந்துவிடுகிறது. சின்னக் கொப்புளம் சுரப்பதும் கொஞ்சம். ஆகவே 'போதும்' என்ற சேதி பலமாகப் போவதற்குள் இரண்டு, மூன்று கொப்புளங்கள் தயாராகிவிடும். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். மாறிய மரபணு ஒரு பிரதி இருந்தால் சராசரியாக ஒன்றரை முட்டை கூடும், இரண்டு பிரதி இருந்தால் மூன்று. எல்லாமே குட்டியாவதில்லை.

இது முதலில் கவனத்துக்கு வந்தது ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆட்டில். மரபணு இன்னதென்று 2001இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஆனால் பூர்வீகம் நம் நாடுதான்! சுந்தரவனத்துச் சின்னஞ்சிறு கரோல் ஆடு 1792, 93 வாக்கில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போயிருக்கிறது. பிற்பாடு மகாராஷ்டிரத்தின் பல்தானில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலைத் தக்காணி ஆட்டோடு கலந்து இரட்டைக்குட்டி ஆடுகளை உருவாக்கியது.

சரி, கிடாவுக்கு வருவோம். இரண்டு பிரதியும் உள்ள கிடா சேர்ந்த ஆடு அந்த ஈற்றில் கூடுதலாகப் போடாது. ஆனால் அதற்குப் பிறக்கும் ஒவ்வொரு பெட்டைக்குட்டிக்கும் ஒரு பிரதி நிச்சயம். அந்த மகள் ஈனும்போதுதான் தகப்பனின் குணம் தெரியும். முன்பெல்லாம் அதுவரை காத்திருக்க வேண்டும். இப்போது மரபணுச் சோதனைக்குக் குட்டிக் கிடாவின் ஒரு சொட்டு ரத்தம் போதும்.

இப்படித் தனியாகவே பெரிய மாற்றம் செய்யும் மரபணு இல்லாத மந்தையில், குட்டி எண்ணிக்கையின் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மீதி வயது, மேய்ச்சல், தீவனம். கிடா சேர்க்க இரண்டு மூன்று வாரம் முன்பே கடலைக்கொடியும் கொஞ்சம் தானியமும் கூட்டிப் போட்டால் முட்டை கூடும்.

நம் பக்கத்துக்கு ஒரு பிரதியே போதும் என்பது என் எண்ணம். செம்மறிக்குக் காம்பு இரண்டுதான். சித்திரை வெயிலில் காய்ந்த காட்டை மேய்ந்துவிட்டு வரும் தாய்க்கு இரண்டு குட்டிக்குப் பால் ஊறுவதே பெரிய பாடு. மூன்றாவது குட்டிக்குப் புட்டிப்பால் காய்ச்ச வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.