மேட்டூரில் எத்தனை அடி?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் திருவாரூர்ப் பக்கத்து டீக்கடைகளில் முதல் கேள்வி இதுதான்: "மேட்டூர்ல எத்தனை அடி?" பதிலை வைத்துத்தான் குறுவைக்கு நாற்று விடலாமா, பொறுத்திருந்து சம்பாவுக்குப் போகலாமா என்ற பேச்சே தொடங்கும். ஆனால் செய்தியில் வரும் அடி ஒன்றல்ல. நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், திறப்பு கன அடியில். மூன்றிலும் அடி ஒளிந்திருக்கிறது, மூன்றும் வேறு வேறு.

வெறும் அடி என்றால் உயரம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது இருப்பு 93.47 டி.எம்.சி. சரி, 60 அடி இருந்தால் இதில் பாதி இருக்குமா? ஏறத்தாழ கால்வாசிதான் இருக்கும். அணைக்குள் இருப்பது நேர்ச்சுவர்த் தொட்டி இல்லை, மலைப் பள்ளத்தாக்கு. வாணலியைப் போல அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக விரியும். நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல் என்பதால், உச்சியில் உள்ள ஒரே ஓர் அடியில் 1.6 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் நிற்கிறது. கீழே அதே ஓர் அடியில் அதில் சிறு பங்குதான் இருக்கும். "நேத்து ரெண்டு அடி ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், எத்தனையிலிருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

டி.எம்.சி. என்பது கொள்ளளவு: ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடி உள்ள பெட்டியில் 28.3 லிட்டர் பிடிக்கும். அப்படி நூறு கோடிப் பெட்டி. வயலில் பரப்பினால் கிட்டத்தட்ட 23,000 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும்.

குழப்பம் அதிகம் வருவது மூன்றாவதில்தான். அணையிலிருந்து 10,000 கன அடி திறப்பு என்று தலைப்புப் போடுகிறார்கள். அதன் முன்னால் 'வினாடிக்கு' என்ற சொல் விழுந்துபோயிருக்கும். அந்தச் சொல் இல்லாவிட்டால் கணக்கே இல்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீரைத் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டபோது, "நாளொன்றுக்கு 15,000 கன அடி" என்றுதான் ஊரெல்லாம் பேசியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு வேலி நிலத்தில் (சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான்! உத்தரவு சொன்னது வினாடிக்கு 15,000. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் சுமார் 1.3 டி.எம்.சி.; பத்து நாளுக்கு 13.

மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எண் போதும்: வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. வயல் கணக்கு வேண்டுமா? வினாடிக்கு ஒரே ஒரு கன அடி ஒரு நாள் பாய்ந்தால், ஒரு வேலியில் மூன்றரை அங்குலம் நிற்கும். வழியில் மண் குடிப்பதும் வெயில் குடிப்பதும் இதில் சேரவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அப்புறம் ஒவ்வொரு ஆற்றிலும் கால்வாயிலும் எவ்வளவு போகிறது என்று எப்படித் தெரிகிறது? யாரும் வினாடிக்கு வினாடி அளப்பதில்லை. மதகோரம் அடிக்கணக்கில் கோடு போட்ட அளவுகோல் நிற்கும். அதில் தெரியும் உயரத்தைப் பட்டியலில் பார்த்து ஓட்டத்தைச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. தடுப்பின்மேல் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் உயரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். அங்கே அளவுகோலில் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே ஓட்டம் அதைவிட வேகமாகக் குறைவது இதனால்தான்.