ஃபில்டர் புதுசு, பம்ப் போச்சு

"புது டீசல் ஃபில்டர் போட்டு மூணு நாள்தானுங்க ஆச்சு. அதுக்கப்புறம்தான் வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

பொள்ளாச்சிப் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. தென்னந்தோப்புக்குள் மரத்துக்கு மரம் திருப்பி ரொட்டவேட்டர் ஓட்ட மினி டிராக்டர்தான் தோது என்பதால், 20, 25 குதிரைத்திறன் வண்டிகள் இங்கே நிறைய. சின்ன வண்டிதானே என்று ஃபில்டரைத் தோட்டத்தில் வைத்தே மாற்றிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, சிலருக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ஃபில்டரை மாற்றாமல் விட்டதால் கெட்ட டீசல் பம்புகளை (டீசலை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் பம்பு) பார்த்த அளவுக்கு, மாற்றிய விதத்தால் கெட்டவற்றையும் பார்த்துவிட்டேன்.

இந்த வண்டிக்காரரிடம் எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டேன். டீசல் லைனில் ஏர் பிடிக்கக் கூடாதென்று புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டினாராம். எந்த டீசல்? கேனில் இருந்தது. எந்த ஓட்டையில் ஊற்றினீர்கள்? நடு ஓட்டையில்.

அங்கேதான் வினை. திருகி மாட்டும் ஃபில்டரில், சுற்றிலும் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் டீசல் உள்ளே போகும். காகிதத்தில் வடிந்து நடு ஓட்டை வழியாக வெளியேறி, அடுத்தது நேராகப் பம்புதான். நடுவில் ஊற்றியது வடியாத டீசல். அதிலிருந்த தூசியைத் தடுக்க அதற்கப்புறம் எதுவுமே இல்லை.

பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலான பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பிளஞ்சருக்கென்று தனி எண்ணெயும் கிடையாது, டீசல்தான் அதை வழவழப்பாக வைத்திருக்கிறது. தண்ணீர் கலந்தால் அந்த வழவழப்புப் போய் உலோகத்தோடு உலோகம் உரசும். 'பழைய மாடல் பம்பு, எதையும் தாங்கும்' என்று ஒரு நம்பிக்கை வேறு இருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த ட்ரெம் 4 புகை விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் என்பதால், மினி வண்டிகளில் இன்னமும் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்புதான். உண்மை. ஆனால் மண்ணைத் தின்னால் அதுவும் சாகும்.

சரி, எப்படி மாற்றுவது? இன்ஜின் ஆறட்டும். ஃபில்டரைக் கழற்றும் முன் சுற்றியுள்ள புழுதியைக் கழுவுங்கள் அல்லது ஏர் அடித்து ஊதுங்கள். எல்லோரும் தாண்டிப்போகும் வேலை இதுதான், முக்கால்வாசிப் பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. அப்புறம் டேங்கிலிருந்து டீசல் வரும் குழாயின் காக் வால்வை மூடுங்கள். திருப்பூர் பக்கம் என்பதால் எங்கள் பட்டறைகளில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. கை துடைக்க நல்லது, ஆனால் ஃபில்டரின் அடியில் இருக்கும் கிண்ணமான பவுலின் உள்ளே விடாதீர்கள், நூல் பிரியும். சுத்தமான டீசலில் அலசிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

பழைய ஓ-ரிங் (கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம்) மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் புதியதையும் சேர்த்து மாட்டினால் அந்த இடத்தில் ஏர் இழுக்கும், ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாது. புது ரிங்கில் கொஞ்சம் டீசல் தடவிக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கி உடைத்த பவுல்கள் என்னிடம் ஒரு கூடை கிடக்கின்றன.

ஃபில்டரை நிரப்பாமலே மாட்டுங்கள். ஏர் எடுக்கத்தான் ஹேண்ட் பம்பு இருக்கிறதே. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால் கரண்டு பம்பே தள்ளிவிடும். ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று குமிழில்லாமல் டீசல் மட்டும் வரும்வரை விட்டுப் பிறகு மூடுங்கள். முதலில் ஃபில்டர் தலையில், அடுத்து பம்பில். செல்ஃப் ஸ்டார்ட்டரைப் பத்து வினாடிக்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது மட்டும் கையைத் தள்ளி வையுங்கள். நாசில் திறக்கிற அழுத்தம் பல இன்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட உடனே வராது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் விரலே போகலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது' என்று சொல்ல வேண்டும். கசிவு எங்கே என்று பார்க்கவும் விரலை வைக்காதீர்கள், ஒரு அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி ஏர் அடித்துத் திரும்பப் போடுவது சிக்கனமில்லை. காகிதம் கிழிந்த பின் அது வெறும் டப்பா. இழுவை குறைந்ததுமே டீசல் ஃபில்டர் மேல் பழி போடுவதும் வேண்டாம். லோடில் கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். புகையில்லாமல் மூச்சடங்குவதுபோல் நின்றால்தான் டீசல் போகவில்லை என்று அர்த்தம்.

அந்த வண்டிக்குப் பம்பையும் மூன்று நாசிலையும் கழற்றி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அவர் கழற்றிய பழைய ஃபில்டர் டூல்ஸ் பெட்டியிலேயே கிடந்தது. அறுத்துப் பார்த்தோம். மடிப்புக்கு மடிப்பு செங்கல் பொடி போலத் துரு, அடியில் கறுப்பாக வழவழவென்று பாசி போன்ற ஒரு கிருமிப் படிவு. தண்ணீர் தேங்கிய டீசலில்தான் அது வளரும். "வேட்டித் துணியில் வடிகட்டித்தானுங்க ஊத்துவேன்" என்றார். வேட்டி இலையைத் தடுக்கும், தண்ணீரையும் பொடித்துருவையும் தடுக்காது. தோட்டத்து மோட்டார் ரூமில் பல வருஷமாக இருக்கும் தகரக் கேனை மறுநாள் எடுத்துவந்து காட்டினார். உள்ளே டார்ச் அடித்தேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் அதைப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டுப் போனார்.