மொட்டை மாடி டெக்: தேக்கா, காம்போசிட்டா?

சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகளிலும் மாடிக்கோ பால்கனிக்கோ டெக் (பலகைத் தரை) போட நினைப்பவர்கள் கடையில் கேட்பது இரண்டுதான்: "மழையில் ஊறுமா? கறையான் அரிக்குமா?" நல்ல காம்போசிட் பலகை இரண்டையும் தாங்கும். வெயிலுக்கு என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பலகையைப் பதம் பார்ப்பதே அதுதான்.

காம்போசிட் என்பது மரத்தூளோடு பிளாஸ்டிக்கை, பெரும்பாலும் பாலிஎத்திலீனை, உருக்கிக் கலந்து அச்சில் தள்ளி எடுத்தது. சூடேறினால் நீளும். ஜனவரி விடியலில் 22 டிகிரியில் இருக்கும் பத்தடிப் பலகை, மே மாத மதியம் 60 டிகிரியைத் தொடும்போது ஏறக்குறைய 5 மி.மீ. நீண்டிருக்கும். கைப்பிடிச் சுவரில் முட்ட வைத்து அடித்திருந்தால் போக இடமில்லாமல் நடுவில் வில்லாக எழும்பி, அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்பைப் பிடுங்கிவிடும். சுவரோரம் 10 மி.மீ. விடுங்கள். ஒரு பலகைக்கு நடுச்சட்டத்தில் மட்டும் ஒரு ஸ்க்ரூ. மற்ற இடமெல்லாம் கிளிப். அப்போதுதான் இரு பக்கமும் சமமாக நகரும். இன்னொன்று, காப்பிக்கொட்டை நிறப் பலகையில் மதியம் வெறுங்காலோடு வடகம் காயப்போட முடியாது. திறந்த மாடி என்றால் வெளிர் நிறமே எடுங்கள்.

தேக்கு வெயிலுக்கு நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். ஈரத்துக்குத்தான் அசையும், அதுவும் குறுக்குவாக்கில். ஆறங்குலப் பலகை பார்க்க அழகு. ஆனால் சில மழைக்காலங்களில் ஓரம் தூக்கி, தாம்பாளம்போலத் தண்ணீர் தேக்கும். நாலங்குல அகலம், இழைத்த பிறகு ஓரங்குலக் கனம், பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளி, இது போதும். வைரம் பாய்ந்த பகுதிதான் பூஞ்சையையும் கறையானையும் தாங்கும். ஓரத்தில் வெளிர்மஞ்சளாக ஓடும் வெளிறு தேக்கில் இருந்தாலும் மக்கும். அப்படிப்பட்ட பலகையைக் கடையிலேயே ஒதுக்கிவிடுங்கள். அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஆசாரி அறுத்த அன்றே முனையில் எண்ணெயோ மெழுகோ பூசாவிட்டால் மக்கல் அங்கிருந்துதான் தொடங்கும்.

வார்னிஷ் மட்டும் வேண்டாம். வெயிலில் தோல் உரிந்து, அதன் அடியில் தண்ணீர் புகுந்து பலகை கறுக்கும். டெக் எண்ணெய் போதும்: நூறு சதுர அடிக்கு ஒரு கோட்டுக்குச் சுமார் ஒரு லிட்டர். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு தடவை. முழு வெயில் விழும் மாடிக்குப் பிப்ரவரியில் இன்னொன்று. பூசாமல் விட்டால் தேக்கு சாம்பல் நிறமாகும். அது மேல்நிறம் மட்டும்தான், பலம் குறையாது. அந்த நிறம் பிடித்துவிட்டால் எண்ணெய்ச் செலவு மிச்சம்!

மேலே எந்தப் பலகை போட்டாலும், அதைத் தாங்கும் சட்டத்தில்தான் பெரும்பாலான டெக்குகள் கெடுகின்றன. விலை உயர்ந்த காம்போசிட்டை வாங்கி, கீழே மலிவான நாட்டு மர ரீப்பர் போடுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. பலகை அப்படியே இருக்க ரீப்பர் மக்கிப்போகும். கடலோரத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் வெட்டிய இடத்தில் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டமே நல்லது. ஸ்க்ரூ 316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்); கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் 304 போதும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ தேக்கோடு சேர்ந்தால் ஒரே மழையில் கருங்கறை விடும்.

பத்துக்குப் பத்து அடி மாடிக்குக் கணக்கு இது. 300 மி.மீ.க்கு ஒரு சட்டம் வீதம் 11 வரிசை. 140 மி.மீ. காம்போசிட் என்றால் 21 வரிசைப் பலகை, இடைவெளிகளுக்கு 220 கிளிப். நாலங்குலத் தேக்கு என்றால் 29 வரிசை, எட்டு கன அடி. சேதாரத்தோடு ஒன்பதுக்கு மேல் சொல்லுங்கள். சட்டத்துக்கு இரண்டு வீதம் 638 ஸ்க்ரூ, எல்லாவற்றுக்கும் முதலில் டிரில் ஓட்டை. "18 அங்குலத்துக்கு ஒரு சட்டம் போதும் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காம்போசிட் தொய்யும், வாரன்டியும் போகும்.

தளத்தில் எங்கேயும் டிரில் போட விடாதீர்கள். 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பெடஸ்டல் (தாங்குகால்) மேல் சட்டத்தை நிறுத்தலாம். தரை 100 மி.மீ. உயர்ந்தால் கைப்பிடிச் சுவர் அந்த அளவு தாழும் என்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மறக்கக் கூடாது.

கடையில் இன்னொரு குழப்பம். காம்போசிட்டுக்குக் கடையில் டபிள்யூ.பி.சி. (வுட் பிளாஸ்டிக் காம்போசிட்) என்று பெயர்; கதவுக்கு விற்கும் பி.வி.சி. ஃபோம் பலகையையும் அப்படியே சொல்வார்கள். உள்ளே ஓட்டையில்லாத துண்டு ஒன்றை வாங்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். டெக் பலகை மூழ்கும், ஃபோம் மிதக்கும். பிறகு அறுத்த முனையைப் பாருங்கள். மேல்தோல் நான்கு பக்கமும் சுற்றியிருந்தால் எண்ணெய்க் கறை, ஊறுகாய்க் கறை உள்ளே இறங்காது. தோலில்லாத பலகை குடித்துவிடும்.

தீபாவளிக்குத் தரைச்சக்கரம் சுற்றிய தடம் தேக்கில் விழுந்தால் உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவினால் போச்சு. காம்போசிட்டில் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். அதற்காக அதே லாட்டில் இரண்டு பலகை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பகலில் வெறுங்காலோடு புழங்கும் மாடி, எண்ணெய் பூச வீட்டில் ஆள் உண்டு என்றால் நான் தேக்கைச் சொல்வேன். நிழல் பால்கனி, பூட்டிக் கிடக்கும் வீடு, வாடகை வீடு என்றால் தோலுள்ள காம்போசிட். எதுவானாலும் மழைநீர்க் குழாய் வாய்க்கு மேலே ஓரடிச் சதுரத்தைக் கையால் தூக்கும்படி தனியாக விடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி இலைச்சருகை அள்ளாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க எட்டுப் பத்து நாள் போதும்.