ரீமேப் பண்ணி ஒண்ணரை வருஷம் ஆச்சு, இப்ப ஏன் கிளட்ச் போச்சு?

போன மாசம் ஒரு டீசல் கார் வந்துச்சு. 58,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, கம்ப்ளெய்ன்ட் என்னன்னா "ஓவர்டேக் பண்ணும்போது சத்தம் மட்டும் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது". இதக் கேட்டதுமே பாதி புரிஞ்சிரும், இருந்தாலும் ஓட்டிப் பாத்துட்டுதான் வாயத் தொறக்கணும். நாலாவது கியர்ல 1,500 ஆர்பிஎம்ல வச்சு ஆக்ஸிலரேட்டர முழுசா அழுத்துனேன், 2,000 வரைக்கும் ஒழுங்கா இழுத்துச்சு, டர்போ முழுசா பிடிச்ச அந்த நொடி முள்ளு சட்டுன்னு 2,800க்கு தாவுது, ஸ்பீடோமீட்டர் முள்ளு இருந்த இடத்துலயே நிக்குது. கியர்பாக்ஸ இறக்கிப் பாத்தா கிளட்ச் டிஸ்க் ஒட்டுற ஃப்ளைவீல் முகம் பூரா நீலம் நீலமா திட்டு, நடுவுல முடி கனத்துக்கு வெடிப்பு, கிளட்ச் டிஸ்க் கருகி ரிவெட் தலை வெளிய தெரியுது.

ஓனர் நல்ல மனுஷன். "சார், நான் கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுற ஆள் இல்ல"ன்னார். தெரியுது சார், ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மாத்தி பவர ஏத்துறது, எதுவும் பண்ணீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. "அது பண்ணி ஒண்ணரை வருஷம் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத எழுதுறேன். நான் இந்த ரீமேப் பண்ற டியூனர் இல்ல, டியூன் பண்ணி முடிச்சு எல்லாரும் சந்தோஷமா போனதுக்கப்புறம் அந்த வண்டிய பாக்குற ஆளு. மாடிஃபிகேஷன் பண்ண இடத்துல பிரச்சனை வர்றது கம்மி. ஒரு இடத்துல அமுக்குனா இன்னொரு இடத்துல பிதுங்கும்னு சொல்வாங்கல்ல, அது மாதிரி லைன்ல அடுத்து எது வீக்கோ அது போகும், அதுவும் உடனே போகாது, அதனால ரெண்டையும் யாரும் முடிச்சுப் போட மாட்டாங்க.

கிளட்ச்சயே எடுத்துக்கோங்க. இன்ஜினோட அதிகபட்ச டார்க்க (சுத்துற முறுக்கு விசைய) விட கொஞ்சம் கூடுதலா தாங்குற மாதிரிதான் கம்பெனி குடுக்கும். அந்தக் கூடுதல் சும்மா இல்ல, டிஸ்க் தேஞ்சு, ஸ்ப்ரிங் தளர்ந்து, மலை ஏத்தத்துல ஃபுல் லோடோட நின்னு கிளம்பும்போதும் வழுக்கக் கூடாதுன்னு வச்சது. 200 நியூட்டன் மீட்டர் இருந்தத 260 ஆக்குனா அந்தக் கூடுதல அன்னைக்கே செலவு பண்ணிட்டோம்னு அர்த்தம். புது கிளட்ச்ல தெரியாது. தேய ஆரம்பிச்சப்புறம் ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் கண்ணுக்குத் தெரியாம லேசா வழுக்கும், வழுக்குனா சூடு, சூடானா இன்னும் வழுக்கும், கடைசி மூவாயிரம் கிலோமீட்டர்ல மொத்தமா கதை முடிஞ்சிரும். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்ல இன்னும் மோசம். ஃபோக்ஸ்வாகன் குரூப்போட டிக்யூ200ன்னு ஒரு ட்ரை கிளட்ச் (ஆயில்ல நனையாத கிளட்ச்) கியர்பாக்ஸ், அதோட டார்க் லிமிட் 250 நியூட்டன் மீட்டர், அது இருக்குற வண்டிய 300க்கு கொண்டுபோனேன்னு பெருமையா சொல்றவங்கள பாத்தா எனக்கு கியர்பாக்ஸ் மேலதான் பரிதாபம் வரும்.

"அதே இன்ஜின டாப் மாடல்ல 30 குதிரை சக்தி கூட வச்சு விக்கிறாங்களே, அப்ப என் வண்டியும் தாங்கும்ல?" இதக் கேக்காத ஆளே கிடையாது. இன்ஜின் பேரு ஒண்ணா இருக்கும், உள்ள இருக்குறது ஒண்ணான்னு பார்ட் நம்பர வச்சு பாருங்க. நிறைய வண்டில டர்போ வேற, இன்ஜெக்டர் வேற, இன்டர்கூலர் பெருசு, பிஸ்டன் வேற, கிளட்ச் வேற, சிலதுல கியர்பாக்ஸே வேற. எல்லாம் ஒரே நம்பர்னு வந்தா சரி, அப்ப நீங்க சொல்றது நியாயம், அப்படியும் சில இன்ஜின் இருக்கு.

இப்ப சூட்டுக்கு வருவோம், எனக்கு ரொம்ப பயம் அதுலதான். சிலிண்டருக்குள்ள எரியிற கேஸ் கண் இமைக்கிற நேரத்துக்கு 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பிஸ்டன் அலுமினியம், சுத்த அலுமினியமே 660 டிகிரில உருகிரும். அப்பவும் பிஸ்டன் உருகாம இருக்குன்னா, ரிங் வழியா சூடு சிலிண்டர் சுவத்துக்குப் போயிட்டே இருக்கு, அடில இருந்து ஆயில் ஜெட் பீச்சி அடிச்சுக்கிட்டே இருக்கு, அதனாலதான். டீசல்ல டியூன் பண்ணும்போது எரிபொருள அள்ளிக் கொட்டுனா எக்ஸாஸ்ட் சூடு ஏறும், ஒரு ஓவர்டேக் பத்து செகண்டு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஹைவேல நாலு பேர ஏத்திக்கிட்டு ஏத்தத்துல பத்து நிமிஷம் இழுத்துட்டுப் போறீங்க பாருங்க, அங்கதான் பிஸ்டன் தலையோட ஓரம் அரிக்கும், டர்போ ஹவுசிங்ல வெடிப்பு விழும். டைனோல (வண்டிய உருளை மேல ஓட்டி பவர அளக்குற மெஷின்) ஓட்டி பேப்பர் எடுத்துக் குடுக்குறாங்களே, அந்த ஒரு ஓட்டம் பதினஞ்சு இருபது செகண்டுல முடிஞ்சிரும். அந்த கிராஃப்ல பவர் தெரியும், சூடு தெரியாது.

அப்புறம் டிபிஎஃப், டீசல் புகைல இருக்குற கரிய பிடிக்கிற ஃபில்டர். டியூன் பண்ண வண்டி கரிய அதிகமா கக்குனா ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அந்தக் கரிய எரிக்க இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், அடிக்கடி ரீஜெனரேஷன்னு ஃபில்டர சூடாக்குற வேலையப் போடும், நிறைய வண்டில அதுக்காக சிலிண்டருக்குள்ளயே லேட்டா டீசல் தெளிக்கும், அதுல கொஞ்சம் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்தா ஆயில் லெவல் குறையாம ஏறிருக்கும், மோந்து பாத்தா டீசல் வாசம். "ஆயிலே குடிக்கல சார், சூப்பர் இன்ஜின்"னு ஒருத்தர் சந்தோஷமா சொன்னார், நான் அந்த ஸ்டிக்க அவர் மூக்குகிட்ட நீட்டுனேன். ஆயில் இப்படி நீர்த்துப் போனா பேரிங் தேயும், டர்போவோட சின்ன ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்துக்குப் பக்கத்துல சுத்துற சாமான், அதுக்கு ஆயில் படலம்தான் உயிரே. டிபிஎஃப்ப உள்ள காலி பண்ணிட்டா பிரச்சனை தீந்துச்சுன்னு நினைக்காதீங்க, அது பல நாட்டுல சட்டப்படி குத்தம், பின்னாடி வர்றவன் நுரையீரலுக்கும் நல்லதில்ல.

சின்ன டர்போ பெட்ரோல் வண்டி வச்சிருக்கவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே தெளிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல கம்மி ஆர்பிஎம்ல அதிக லோடு குடுத்தா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே உள்ள பத்திக்கிற ஒரு வியாதி இருக்கு, எல்எஸ்பிஐன்னு சொல்லுவோம். ஒரே தட்டுல பிஸ்டனோட ரிங் பள்ளத்து விளிம்பு உடைஞ்சிரலாம். 2018ல எஸ்என் பிளஸ், 2020ல எஸ்பின்னு ஆயில் ஸ்டாண்டர்டு மாத்துனதுக்கு இது ஒரு முக்கிய காரணம். இந்த மாதிரி இன்ஜின்ல 1,500 ஆர்பிஎம்லயே டார்க்க தூக்கி நிறுத்துனா "அடேங்கப்பா என்னமா இழுக்குது"ன்னு இருக்கும்தான். நல்ல டியூனர் அந்த இடத்துல வேணும்னே அடக்கி வாசிப்பார், அப்படி அடக்கி வச்சத "டியூன் சரியில்ல"ன்னு கஸ்டமர் திரும்பக் கொண்டுபோறத நானே பாத்திருக்கேன்.

ரெவ் லிமிட்ட, அதாவது இன்ஜின் சுத்தோட உச்ச வரம்ப, ஏத்துறத பத்தி ஒரே ஒரு கணக்கு, 6,000த்த 7,000 ஆக்குனா சுத்து 17 சதவீதம்தான் கூடுது, ஆனா பிஸ்டன பிடிச்சிருக்குற கனெக்டிங் ராட இழுக்குற விசை கிட்டத்தட்ட 36 சதவீதம் கூடும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். பிரேக்கும் இதே கணக்குதான், 100ல இருந்து நிறுத்துறதுக்கும் 140ல இருந்து நிறுத்துறதுக்கும் பிரேக் விழுங்குற சூடு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பவர ஏத்திட்டு பிரேக் ஃப்ளூயிடக்கூட மாத்தாம வர்றவங்கள என்ன சொல்றது.

சின்ன சின்ன சாமானும் விடாது. எண்ணெய் தடவுன காட்டன் ஏர் ஃபில்டர கழுவிட்டு எண்ணெய ஊத்து ஊத்துன்னு ஊத்தி மாட்டுனா, அது காத்தோட போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்ல படியும், இன்ஜின் காத்த தப்பா அளக்கும், மைலேஜ் போகும், காரணம் தெரியாம இன்ஜெக்டர் வரைக்கும் மாத்துனவங்க இருக்காங்க. கார்புரேட்டர் பைக்ல சைலன்சர மட்டும் ஃப்ரீ ஃப்ளோவா மாத்திட்டு பெட்ரோல் அளவ தீர்மானிக்கிற ஜெட்ட மாத்தாம விட்டா கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பத்தாம போகும், பிளக்க கழட்டுனா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கும், அப்படியே ஓட்டிட்டே இருந்தா எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். வண்டிய தாழ்த்துனா டயர் உள் ஓரம் தேயும், பம்ப் ஸ்டாப் ரப்பர்ல அடிச்சு அடிச்சு ஷாக் சாகும். வீல வெளிய தள்ள ஸ்பேசர் போட்டா வீல் பேரிங் ஊளையிடும்.

ஹெட்லைட்ட மட்டும் சொல்லிட்டு விட்டுர்றேன், ஏன்னா இது நேரா தீ வரைக்கும் போற விஷயம். 60/55 வாட் பல்ப் இருந்த இடத்துல 100/90 போட்டு, சுவிட்ச் மேல லோடு விழாம பாத்துக்குற ரிலேவும் போடாம, பழைய வயர்லயே ஓட்டுன ஒரு வண்டில பல்ப் ஹோல்டர கழட்ட முடியல, பிளாஸ்டிக் உருகி பின்னோட ஒட்டிக்கிச்சு, ஸ்விட்ச்ச தொட்டா விரல் சுடுது. பத்து ஆம்பியர் போக வேண்டிய சுவிட்ச்ல பதினாறு பதினேழு போயிட்டு இருந்திருக்கு.

இவ்வளவு சொல்லிட்டு பண்ணாதீங்கன்னு சொல்வேன்னு பாத்தீங்களா, சொல்ல மாட்டேன், என் பைக்லயே சஸ்பென்ஷன் மாத்திருக்கேன். வரிசைய மாத்துங்கன்னுதான் சொல்றேன். முதல்ல பிரேக், டயர், கூலிங், அப்புறம் வண்டியோட இப்போதைய நிலைமை, அதாவது கம்ப்ரெஷன் எவ்வளவு, பூஸ்ட் லீக் (டர்போ காத்து கசியிறது) இருக்கா, கிளட்ச்ல எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டு, கடைசியாத்தான் டியூன். பழைய இசியூ ஃபைல காப்பி எடுத்து வச்சிருக்காரான்னு டியூனர கேளுங்க, ரோட்டுல ஓட்டி சென்சார் அளவெல்லாம் பதிவாகுற லாக் எடுத்துக் காட்டுவாரான்னு கேளுங்க, உங்க வண்டிய பாக்காமலே அஞ்சு நிமிஷத்துல ஏத்திக் குடுக்குறவர்கிட்ட இருந்து சாவிய திருப்பி வாங்கிட்டு வந்துருங்க. ஆயில் மாத்துற கெடுவ பாதியாக் குறைங்க. இன்சூரன்ஸ்ல சொல்லாம விட்டா க்ளெய்ம் வரும்போது கைய விரிக்க அவங்களுக்கு நல்ல சாக்கு.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கும் இது பொருந்தும். "ஒண்ணும் பண்ணல சார், ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு"ன்னு விக்கிறவர் சொல்லுவார், பொய்யும் சொல்லிருக்க மாட்டார், அவருக்கு முன்னாடி வச்சிருந்தவர் பண்ணிட்டு வித்திருந்தா அவருக்கே தெரியாது. நாலாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டர முழுசா அழுத்திட்டு ரெண்டு முள்ளையும் பாருங்க.