ப்ளேஆஃப் ஆட்டங்களும் பிள்ளைகளின் கணுக்காலும்

டெக்சாஸில் பள்ளிகளில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) சீசன் டிசம்பரோடு முடிந்துவிடும். ஆனாலும் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஜனவரியில் பையன்கள் நொண்டிக்கொண்டு வருவது நிற்பதில்லை. டிவியில் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ப்ளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் கடைசிக் கட்ட ஆட்டங்கள், ஓடுகிறது, அதைப் பார்த்த சூட்டோடு பூங்காவுக்குப் போய், ஹெல்மெட் இல்லாமல், பயிற்சியாளர் இல்லாமல், பார்த்ததை அப்படியே செய்கிறார்கள்.

போன ஜனவரியில் ஒரு தமிழ்ப் பையன், பதினைந்து வயது இருக்கும், அம்மாவோடு வந்தான். "சாதாரண சுளுக்குதாங்க, ரெண்டு நாளா தைலம் போட்டு நீவி விட்டேன்" என்றார் அம்மா. பார்த்தால் வீக்கம் கணுக்கால் மூட்டில் இல்லை, அதற்கு மூன்று விரல் மேலே இருக்கிறது. கெண்டைக்கால் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து மெல்ல அழுத்தினேன். கை வைத்த இடத்தில் வலிக்கவில்லை, கீழே கணுக்காலில்தான் சுரீர் என்று இழுத்தது, பையன் துள்ளிவிட்டான். அந்த இரண்டு எலும்பையும் பிடித்து நிறுத்தியிருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தால் இப்படித்தான் வலிக்கும். எப்படிடா விழுந்தே என்று கேட்டேன். "பின்னாடி இருந்து இடுப்பைப் பிடிச்சான் ஆன்ட்டி, அப்புறம் அப்படியே என் கால் மேலே உட்கார்ந்துட்டான்."

பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே வீழ்த்துவதுதான் டேக்கிள். இந்த வகைக்கு ஹிப் டிராப் டேக்கிள் என்று பெயர். ஓடுகிறவனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, தன் மொத்த எடையையும் அவன் முழங்காலுக்குக் கீழே போட்டுவிடுவது. பாதம் தரையில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது.

2023 ஜனவரி ப்ளேஆஃபில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் டோனி போலார்டுக்கு இதே டேக்கிளில் கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை வரை போனது. அதே வார இறுதியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் பேட்ரிக் மஹோம்ஸின் கால்மேல் ஒருவர் விழுந்து அவருக்கும் கணுக்காலுக்கு மேலே இதே ஜவ்வுக் காயம், ஆனால் அவர் மூன்றே வாரத்தில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்துவிட்டார். பையன்களுக்கு ஞாபகம் இருப்பது மஹோம்ஸ்தான், போலார்டைச் சொன்னால்தான் தெரிகிறது.

2024 மார்ச்சில் என்எஃப்எல் இந்த டேக்கிளைத் தடை செய்தது, செய்தால் அந்த அணி 15 யார்டு தூரத்தை இழக்கும் தண்டனையோடு. மற்ற டேக்கிள்களைவிட இதில் காயம்படும் விகிதம் சுமார் 20 மடங்கு என்று லீகே சொன்னது. வீரர்கள் சங்கம் எதிர்த்தது. பின்னாலிருந்து துரத்துகிறவன் வேறு எப்படித்தான் நிறுத்துவான் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் விதி மாறினால் ஆட்டம் செத்துவிடும் என்ற பயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டி டேக்கிள் செய்வதைத் தடுத்தார்கள். அந்த ஆண்டு கழுத்து முறிந்து கை கால் நிரந்தரமாகச் செயலிழந்த பிள்ளைகள் 34 பேர், 1984இல் 5 பேர். ஆட்டம் எங்கேயும் போய்விடவில்லை.

அந்த விதி ஏன் பலித்தது என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் இயல்பான வளைவு நிமிர்ந்து, எலும்புகள் ஒரு கம்பு மாதிரி நேராகிவிடும், இடியெல்லாம் நேரே அதன்மேல்தான். கண் மேலே, தலை எதிராளியின் உடம்புக்குப் பக்கவாட்டில், தோள்தான் முதலில் பட வேண்டும். சியாட்டில் சீஹாக்ஸ் என்ற என்எஃப்எல் அணி 2014இலேயே ரக்பி பாணியில் இதை வீடியோ போட்டுக் காட்டியது. சீசன் தொடங்கும் முன் பயிற்சியாளரிடம் போய் டேக்கிள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நம் ஊர்ப் பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை.

சரி, அடிபட்டுவிட்டால்? வீக்கம் கணுக்காலுக்கு மேலே இருந்தால் நீவக் கூடாது, ஊன்றி நடக்கவும் விடாதீர்கள். கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால், முழங்கால் வரை எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஏனென்றால் கீழே ஜவ்வு கிழியும்போது வெளிப்பக்க எலும்பு சில சமயம் மேலே முழங்காலுக்குப் பக்கத்தில் உடையும். அந்தப் பையனுக்கு அங்கேதான் விரிசல் இருந்தது. மார்ச் வரை ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போனான்.