ஆறியதும் அப்பாவியாகிவிடும் பிரேக்

தமிழக-கேரள எல்லையிலுள்ள போடிமெட்டிலிருந்து இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பூப்பாறைக்குப் போய்விட்டுத் திரும்பிய சித்தப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி அவற்றில் பாதியை ஒழுங்காகவே இறங்கியது. நடுவில் ஓர் அகலமான இடத்தில் ஒதுங்கினோம். பிள்ளைகள் குரங்கு பார்த்தார்கள், பெரியவர்கள் பிளாஸ்கைக் காலி செய்தோம். பத்து நிமிடம் இருக்கும். கிளம்பி அடுத்த வளைவுக்கு முன் சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தடையே இல்லாமல் தரை வரை போய்விட்டது.

இரண்டாம் கியரில்தான் வந்துகொண்டிருந்தோம், அதனால் பிழைத்தோம். கை பிரேக் கம்பியால் இயங்குவது; பிரேக் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை இழுத்துக்கொண்டே பெடலை நாலைந்து முறை விட்டு விட்டு அடித்ததில் பாதி பிடிப்பு கிடைத்தது. மலைப்பக்கம் ஒட்டி நிறுத்தினோம். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி திடமாக நிற்கிறது. மறுநாள் பட்டறையிலும் அப்படியே. “நல்லாத்தானே இருக்கிறது” என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு மருத்துவரிடம் போனால் வேறென்ன சொல்வார்?

வந்து வந்து போகும் கோளாறு எல்லாமே ஏதோ ஒரு நிபந்தனையில் மட்டும் வெளிப்படுகிறது. இங்கே அந்த நிபந்தனை வெப்பம். மெட்டிலிருந்து போடி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் வண்டி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே வருகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடை என்று வைத்தால், இழக்கும் ஆற்றலைக் கொண்டு சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குச் சூடாக்கிவிடலாம். ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் ட்ரம்களுக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளைகளுக்குள், போகிறது.

பெடலை மிதிக்கும்போது அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் திரவத்தைத் தள்ளும்; அங்கே உண்டாகும் அழுத்தம், குழாயில் அடைபட்ட திரவத்தின் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் குறையாமல் போய்ச் சேரும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி இது. திரவம் சுருங்காது என்பதால்தான் இது நடக்கிறது, ஆவி சுருங்கும். குழாயில் எங்காவது ஆவிக்குமிழி இருந்தால், கால் தரும் உழைப்பெல்லாம் அதை நசுக்குவதிலேயே முடிந்துவிடும்.

பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது எண்ணெயே அல்ல. கிளைக்கால் (glycol) வகை வேதிச் சேர்மங்களால் ஆன திரவம். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் குணம் உடையது. (பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் மொத்தமும் பாழாகும்.) டாட் 3 என்ற தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதே திரவத்தில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஆண்டுக்குப் பல மாதம் நனையும் எல்லை மலைகளில், எப்போதோ ஊற்றிய திரவம் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இறங்கும்போது வராத ஆபத்து, தேநீர் குடித்த பிறகு ஏன் வந்தது? எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வண்டி ஓடும்போது ட்ரம்மின்மேல் காற்று வீசிக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போது திரவம் அழுத்தத்தில் இருப்பதால், குக்கருக்குள் உள்ள தண்ணீரைப்போல அதன் கொதிநிலையும் உயர்ந்திருக்கும். நிறுத்திவிட்டால் இரண்டும் இல்லை. ட்ரம்மிலும், அதன் உட்புறம் உரசிப் பிடிக்கும் ஷூவிலும் தேங்கிய வெப்பம், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் நிதானமாக ஏறுகிறது. திரவத்தில் கலந்த நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். ஒரு சொட்டே போதும். ஆறியதும் ஆவி மறுபடி நீராகிவிடுவதால் தடயமும் மிஞ்சுவதில்லை.

வெப்பத்தால் பிரேக் கெடுவதில் இன்னொரு வகை உண்டு. ஷூவின்மேல் ஒட்டிய லைனிங் சூடேறிப் பிடிப்பை இழப்பது. அப்போது பெடல் கட்டைபோல் உறுதியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினாலும் அதே உணர்வு. நாலு மிதியில் காய்ந்து சரியாகிவிடும். பெடலை மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, வேகமாக மிதித்தால் நின்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் திரவம் நழுவாமல் அடைக்கும் கப் வாஷர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. ஆகவே பிரேக் போனது என்று மட்டும் சொல்லாமல், காலுக்கு என்ன தெரிந்தது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எங்களிடம் அப்படிக் கேட்டவர் போடியில் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர். பட்டறையில் வைத்துப் பார்க்க மறுத்துவிட்டார். மெட்டுக்கு எங்களோடு ஏறி, இறங்கும் வழியில் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் பிடித்தார். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டரையோ, உட்சுவர் உரிந்து வழியடைத்த ரப்பர் ஹோஸையோ சந்தேகிக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் தகித்தன. சமதளம் வந்ததும் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார், அசையவில்லை. வீல் சிலிண்டரிலிருந்து திரவத்தை வெளியேற்றும் நிப்பிளை லேசாகத் திறந்தார். பெடலில் யார் காலும் இல்லாமலே திரவம் பீய்ச்சி அடித்தது, கருங்காப்பி நிறத்தில். உடனே சக்கரம் தாராளமாகச் சுற்றியது.

நான்கும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால், நான்குக்கும் பொதுவான மாஸ்டர் சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வந்து இந்தத் துளை திறக்க வேண்டும்; சூட்டில் விரியும் திரவம் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே துளி இடைவெளி இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் வண்டியில் இடைவெளியே இல்லை. துளை மூடியே கிடக்க, விரிந்த திரவம் ஷூக்களைத் தள்ளியது. ஷூ உரசிச் சூடு ஏறியது. சூட்டில் திரவம் இன்னும் விரிந்தது. ட்ரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் உரசும் இடத்திலிருந்து சற்று விலகியே இருக்கிறது, எளிதில் கொதித்துவிடாது. இந்தச் சுழலும் ஈரம் குடித்த பழைய திரவமும் கைகோத்ததால்தான் கொதித்தது.

இடைவெளி எப்படிப் போனது என்று விசாரித்ததில், போன வருடம் பெடல் கொஞ்சம் லூசாக ஆடுகிறது, இறுக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் சித்தப்பாவேதான்.

மெக்கானிக் பெடல் தண்டின் நட்டை இளக்கி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைத்தார். பழையதை முழுவதும் வெளியேற்றி, புதுத் திரவம் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். மறுபடி மெட்டு ஏறி இறங்கி, அதே இடத்தில் பத்து நிமிடம் நிறுத்திக் கிளம்பினோம். பிரேக் பிடித்தது. சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் ஒரு குறை இருக்கிறது. பெடல் லூசாக ஆடுகிறதாம்.